பாராட்டு வந்துசேரும் காலம்

1954 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். எதிர்ப்பாளர்கள் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்ட கல்வித் திட்டம் கிளப்பிய புயலில் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைக் கைவிட்டிருந்தார்கள். அதற்கு முன்பு அவர் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர். இத்தனை உயரத்திலிருந்து இறங்கியவர் கதை சொல்ல உட்கார்ந்தார். ராமாயணத்தைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்ற பெயரில் 'கல்கி' இதழில் தொடராக எழுதி 1955இல் முடித்தார். முடித்த கையோடு எழுதிய நிறைவுரையில் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. பெரிய பதவியையும் பொறுப்பையும் விட்டபோது தனக்கு எந்த வெறுமையும் தோன்றவில்லை, இனி என்ன செய்வது என்ற தவிப்பும் இல்லை, கதை முடிந்தபோதுதான் வெறுமை வந்தது என்கிறார். நாடு போனபோது கலங்காத ராமன், சீதையைப் பிரிந்தபோதுதான் துயரம் அறிந்தான் என்பதை அதற்கு ஒப்பாகச் சொல்கிறார். பாரதத்தையும் ராமாயணத்தையும் தமிழில் திரும்பச் சொன்னதே தன் மக்களுக்குத் தான் செய்த சேவைகளில் சிறந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

அரசியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை முதியவர் ஒருவரின் அடக்கம் என்று எண்ணிக் கடந்துவிடுவார்கள். கதை எழுதிப் பழகியவர்கள் அப்படிக் கடக்க முடியாது. பதவியிலிருந்து கிடைத்த மரியாதையையும் கதையிலிருந்து கிடைத்த நிறைவையும் ஒரே மனிதர் அனுபவித்து, இரண்டையும் எடைபோட்டு, இரண்டாவதே கனமானது என்று சொல்கிறார். அப்படியானால் அந்த நிறைவின் இன்னொரு பாதி என்ன ஆனது? எழுதும்போது கிடைப்பது ஒரு பாதி. எழுதியதை இன்னொருவர் படித்து, இந்த இடம் என்னைப் பிடித்துக்கொண்டது என்று திரும்பி வந்து சொல்வது மறுபாதி. ராஜாஜியின் புராணக் கதைகளுக்கு அந்த மறுபாதி ஏராளமாகக் கிடைத்தது. லட்சக்கணக்கான வீடுகளில் அவை படிக்கப்பட்டன. 1958இல் 'சக்கரவர்த்தித் திருமகன்' சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அவர் சொந்தமாகப் புனைந்த சிறுகதைகளுக்கோ அது சரியாகக் கிடைக்கவே இல்லை. கிடைத்தபோது அவர் இல்லை.

அந்தக் கதைகளின் வேர், இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள தொரப்பள்ளியில் இருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில், தென்பெண்ணையை ஒட்டிய ஊர். 1878 டிசம்பர் 10ஆம் தேதி அங்கே அக்ரகாரத்து வீடொன்றில் ராஜாஜி பிறந்தார். தந்தை கிராம முன்சீப். முன்சீப் வீட்டுத் திண்ணை என்றால் வரி பாக்கி, எல்லைத் தகராறு, கடன் வழக்கு, குடித்துவிட்டு அடித்துக்கொண்ட கணவன் மனைவி என்று ஊரின் எல்லாக் கதைகளும் வந்து விழும் இடம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் எல்லைப்புறம் அது. ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி, சென்னையில் சட்டம், 1900 முதல் சேலத்தில் வழக்கறிஞர் தொழில் என்று அவர் போனார். குற்ற வழக்குகளில் பெயரெடுத்தார். கூண்டில் ஏறும் ஏழை என்ன சொல்ல நினைக்கிறான், நீதிமன்றத்தின் மொழியில் அது எப்படி வேறொன்றாக மாறிவிடுகிறது என்பதை அவரைப்போல் அருகிலிருந்து பார்த்த தமிழ்க் கதையாசிரியர்கள் மிகச் சிலரே.

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபின் மதுவிலக்குக்காக 1929இல் 'விமோசனம்' என்ற மாத இதழை நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் துணையாசிரியர். பத்து இதழ்களோடு நின்றுபோன அந்தப் பத்திரிகை முழுக்கக் குடியின் கேடுதான் பொருள்: கதை, படம், பாட்டு, புள்ளிவிவரம் எல்லாம் அதற்காகவே. ராஜாஜியின் கதை எழுத்து இந்தச் சூழலோடு பின்னிக் கிடந்தது. எனவே அவர் கதைகளைப் படித்தவர்கள் ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள்: இது பயன்படுமா? பயன்பட்டது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, அவருடைய அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் தொரப்பள்ளியும் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. எழுதிய கதையின் பொருளைத் தன் கையாலேயே சட்டமாக்கி, பிறந்த ஊரிலேயே அமல்படுத்தும் வாய்ப்பு வேறெந்தச் சிறுகதையாசிரியருக்குக் கிடைத்திருக்கும்?

ஆனால் சட்டம் கதைக்கு மதிப்புரை ஆகாது. 'மணிக்கொடி' இதழின் வழிவந்த விமர்சகர்கள் இலக்கியத் தராசைத் தூக்கியபோது, ராஜாஜியின் கதைகள் பிரசாரம் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போயின. அந்த முடிவில் நியாயம் உண்டு. பல கதைகளில் நீதி முன்கூட்டியே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அதற்காக எல்லாக் கதைகளையும் ஒரே மூட்டையில் கட்டி ஓரம் வைத்ததில் அவசரம் இருந்தது என்றே நினைக்கிறேன். 'திக்கற்ற பார்வதி' அப்படி ஓரத்தில் கிடந்த கதை. கடன் வாங்கி வண்டி வாங்குகிறான் ஒருவன். வண்டியோடு வருமானம் வருகிறது, வருமானத்தோடு குடி வருகிறது, குடியோடு கடன் பெருகுகிறது, கடனுக்கு ஈடாக அவன் மனைவி மேல் கண் விழுகிறது. கடைசியில் எல்லாம் நீதிமன்றத்தில் போய் நிற்கிறது. இதைக் குடியின் கேடு என்று மட்டும் படித்தால் பாதிக் கதை போய்விடும். முன்னேற விரும்பிய ஒரு குடும்பத்தை முன்னேற்றத்துக்கான முதல் அடியே எப்படிக் கவிழ்க்கிறது என்பது மறுபாதி. அந்த இடத்தில் எழுதியவர் ஆசிரமவாசி ராஜாஜி இல்லை. முன்சீப் வீட்டுத் திண்ணையிலும் சேலம் நீதிமன்றத்திலும் உட்கார்ந்து பார்த்தவர்.

இதை முதலில் கூர்ந்து வாசித்துக் காட்டியவர் ஒரு சினிமா இயக்குநர். சிங்கீதம் சீனிவாச ராவ் 1974இல் இந்தக் கதையைப் படமாக்கினார். லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தார்கள், வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். தொரப்பள்ளியிலேயே படப்பிடிப்பு நடந்தது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஒரு கதையை எடுத்து, அதன் வேர் இருந்த மண்ணிலேயே நட்டு, இதில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று காட்டுவதைவிட நல்ல மதிப்புரை இருக்க முடியாது. ராஜாஜி 1972 டிசம்பர் 25ஆம் தேதி காலமாகிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டதையும் பார்த்துவிட்டே போனார். அவர் கதைக்கு வந்த மிகச் சிறந்த பாராட்டு இரண்டே ஆண்டு பிந்திவிட்டது. பதவி போனதற்கு வருந்தாதவர், கதை முடிந்ததற்கு வருந்தியவர், இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

புனைவு எழுதுகிறவருக்கு நல்ல மதிப்புரை தரும் மகிழ்ச்சியைப் பற்றித் தமிழில் நாம் வெளிப்படையாகப் பேசுவதே இல்லை. புகழுக்கு ஏங்குகிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் காரணம். இந்தக் கூச்சத்துக்கு ஆழமான மரபு இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில், ஓர் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று விதிக்கிறார். சிறப்புப்பாயிரம் எழுதத் தக்கவர்கள் யார் என்றும் சொல்கிறார்: அவனுடைய ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், உரை எழுதியவர். தன்னைப் புகழலாம் என்று விலக்குத் தந்திருக்கும் இடங்களும் உண்டு: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், சபையில் வெல்லவேண்டிய நேரத்தில், எதிராளி பழிக்கும்போது. மனித மனத்தை நன்கு அறிந்தவர் வகுத்த விதிகள் இவை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர் என்றே மரபு சொல்கிறது.

பாயிரம் எழுதத் தக்கவர்களின் அந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புலப்படும். அதில் அந்நியர் கிடையாது. ஆசிரியனைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. பாராட்டு அந்த வட்டத்துக்குள்ளிருந்தே வருகிறது. சிறப்புப்பாயிரம் சாற்றுகவியாகி, சாற்றுகவி அணிந்துரையாகி, அணிந்துரை இன்றைய நூல் வெளியீட்டு விழா மேடையுரையாகிய பின்னும் வட்டம் மாறவில்லை. வட்டத்துக்குள் வரும் பாராட்டு அன்பானது, ஊக்கம் தருவது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்கும்போது எழுதியவர் மனத்தின் ஒரு மூலை, இவர் என்னைத் தெரிந்தவர் என்பதை மறப்பதில்லை. தெரியாத ஒருவர் படித்துவிட்டு வந்து சொல்லும்போதுதான் அந்த மூலையும் அமைதியாகிறது.

தமிழில் நாவல் பிறந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாயிற்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல், அதாவது தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த அடுத்த ஆண்டில் வெளிவந்தது. அவருடைய செய்யுள் நூலுக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சாற்றுகவி இருந்தது. உரைநடைப் புனைகதைக்கு அப்படி ஒரு வழக்கமே உருவாகியிருக்கவில்லை. தான் ஏன் இதை எழுதினேன் என்பதை முன்னுரையில் அவரே விளக்க வேண்டியிருந்தது. கதையைப் படித்துவிட்டு அதைக் கதையாக எடைபோடும் அந்நியர் என்ற பாத்திரம் தமிழுக்கு இனிமேல்தான் வரவேண்டியிருந்தது.

அந்த அந்நியர் வந்து கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்பதை உலக இலக்கியத்தில் மிகத் துல்லியமாகப் பதிவுசெய்தவர் தஸ்தயேவ்ஸ்கி. 1845 கோடையின் தொடக்கம், பீட்டர்ஸ்பர்க். இருபத்து மூன்று வயது இளைஞர் தன் முதல் கதையை எழுதி முடித்திருக்கிறார். கூடத் தங்கியிருந்த கிரிகரோவிச் அதை வாங்கிக் கவிஞர் நெக்ரசோவிடம் கொண்டு போகிறார். பத்துப் பக்கம் பார்ப்போம் என்று தொடங்கிய இருவரும் விடியும்வரை மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு, இருள் முழுதாக விழாத வடநாட்டுக் கோடை இரவில், நேரே எழுதியவர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தூங்கினால் எழுப்புவோம், இது தூக்கத்தைவிடப் பெரிது என்ற வேகம். கைப்பிரதி அங்கிருந்து அன்றைய பெரும் விமர்சகர் பெலின்ஸ்கியிடம் போகிறது. புதிய கோகோல் தோன்றிவிட்டார் என்று நெக்ரசோவ் சொல்ல, உங்களுக்கு கோகோல்கள் காளான் போல முளைக்கிறார்கள் என்று கடிந்துகொண்டவர், மாலைக்குள் படித்துவிட்டு அந்த இளைஞரை உடனே அழைத்து வரச் சொல்கிறார்.

பெலின்ஸ்கி அவரிடம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே புரிகிறதா என்று கேட்டார். 'ஏழை எளியவர்கள்' நாவலில் ஏழை எழுத்தர் தேவுஷ்கின் மேலதிகாரியின் முன் நடுங்கி நிற்கும்போது சட்டைப் பொத்தான் அறுந்து தரையில் உருண்டோடும் இடத்தைக் குறிப்பிட்டுப் பேசினார். தன் துன்பத்தைத் துன்பம் என்று சொல்லிக்கொள்ளக்கூட உரிமை இல்லை என்று நம்பும் மனிதன் அங்கே இருக்கிறான் என்று காட்டினார். எழுதியவர் உள்ளுணர்வால் தொட்டுவிட்டுப் போன ஒன்றை விமர்சகர் பெயர் சொல்லி அழைத்தார். வெளியே வந்த தஸ்தயேவ்ஸ்கி தெருமுனையில் நின்று வானத்தையும் போகிறவர் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1877 ஜனவரியில் இதை நினைவுகூர்ந்து, தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான தருணம் அதுவே என்றும், சைபீரியச் சிறையில் கிடந்தபோது அதை நினைத்தாலே மனம் உறுதி பெற்றது என்றும் எழுதினார்.

இதற்கிடையில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வாக்கியத்தின் எடை தெரியும். அடுத்த படைப்பான 'இரட்டையர்' பெலின்ஸ்கிக்குப் பிடிக்கவில்லை, உறவு கசந்தது. 1849இல் தஸ்தயேவ்ஸ்கி கைதானபோது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று, கோகோலுக்கு பெலின்ஸ்கி எழுதிய தடைசெய்யப்பட்ட கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தது. கொலைக்களம் வரை போய்த் திரும்பி நான்கு ஆண்டு கடுஞ்சிறை. அத்தனைக்குப் பிறகும் அந்த ஒரு பிற்பகல் தேயாமல் இருந்தது. அந்தப் பாராட்டு ஒரு குறிப்பிட்ட பொத்தானைத் தொட்டதுதான் அதற்குக் காரணம் என்பது என் துணிபு. அருமை, அற்புதம் என்பவை ஒரு வாரத்தில் ஆவியாகிவிடும். நீ எழுதிய இந்தக் காட்சியில் நான் இருந்தேன் என்ற சாட்சியம் சிறைச்சுவரையும் தாண்டி வரும்.

தமிழரில் இதற்கு இணையான அனுபவம் ஆர்.கே. நாராயணுடையது. அது நடந்ததும் தொரப்பள்ளிக்கு மிக அருகில், எல்லைக்கு அந்தப் பக்கம். 1930இல் பெங்களூரில், பாட்டி நாள் பார்த்துச் சொன்ன விஜயதசமியன்று, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் வரியை எழுதினார். மால்குடி என்ற ரயில் நிலையம் அந்த வரியோடு பிறந்தது. எழுதி முடித்த நாவல் லண்டன் பதிப்பாளர்களிடம் போய்ப் போய்த் திரும்பியது. அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. சென்னையின் 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர்ச் செய்தியாளர் வேலை, மிகச் சொற்ப வருமானம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு, அந்தக் கைப்பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று எழுதினார். விரக்தியின் எல்லை அது.

பூர்ணா அப்படிச் செய்யவில்லை. அங்கே குடியிருந்த ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனுக்கு மைசூர் தெரியாது, தமிழ்க் குடும்பம் தெரியாது, நாராயணசாமி என்ற பெயரைக்கூட ஆங்கில வாசகர் தாங்கமாட்டார் என்று சுருக்கச் சொன்னவர். சுவாமிநாதன் என்ற சிறுவனைப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். அவர் சொல்லித்தான் ஹாமிஷ் ஹாமில்டன் 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' நாவலை வெளியிட்டது. செய்தி தந்தியில் வந்தபோது அந்த வீட்டில் நிலவிய மகிழ்ச்சியை நாராயண் பின்னர் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். மதிப்புரைகள் நல்லவிதமாகவே வந்தன. புத்தகம் விற்கவில்லை. அடுத்த நாவலை அதே பதிப்பகம் ஏற்கவில்லை. முதல் மூன்று நாவல்களும் மூன்று வெவ்வேறு பதிப்பகங்களிலிருந்து வந்தன. ஒவ்வொரு முறையும் கிரீன் தோள் கொடுத்தார். இருவரும் நேரில் சந்தித்துக்கொண்டது சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, லண்டனில். அதுவரை அவர்கள் உறவு முழுவதும் கடிதமும் கைப்பிரதியும்தான்.

விற்பனை ஒரு பக்கம், பாராட்டு ஒரு பக்கம் என்று இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் வாழ்க்கை வேறு கிடைக்காது. விற்பனையை மட்டும் நம்பியிருந்தால் நாராயண் முதல் நாவலோடு நிறுத்தியிருக்க வேண்டும். 1939இல் மனைவி ராஜம் இறந்த பிறகு நீண்ட காலம் அவரால் நாவல் எழுத முடியவில்லை. மீண்டு எழுதிய நாவல் 1945இல் வெளிவந்ததும் கிரீன் இயக்குநராக இருந்த பதிப்பகத்திலிருந்துதான். கடல் தாண்டி ஒரே ஒருவர் தன்னைச் சரியாகப் படிக்கிறார் என்ற உறுதி ஓர் எழுத்தாளரை இத்தனை காலம் நிறுத்தி வைக்கும் என்றால், நல்ல மதிப்புரையை எழுத்தாளரின் தற்பெருமைக்குத் தீனி என்று ஒதுக்குவது எவ்வளவு பிழை.

தமிழிலேயே அப்படி ஒரு நிகழ்வு 1942இல் கொங்கு நாட்டில் நடந்தது. ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதியபோது வயது இருபத்தைந்து. கைம்பெண் ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு குடும்பமும் ஊரும் பற்றி எரிகிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் பேசும் பேச்சு அப்படியே அச்சேறியிருந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் கு.ப. ராஜகோபாலன். கும்பகோணத்துக்காரர், வேறு மண், வேறு பேச்சு, நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் மனச் சலனங்களை மெல்லிய கோடுகளில் எழுதியவர். அவர் வந்து இந்த முரட்டு மண்ணின் நாவலை ஏற்று வாசகர் முன் நிறுத்தினார். நன்னூல் வட்டத்தில் அடங்காத முன்னுரை அது. இரண்டே ஆண்டில் கு.ப.ரா. மறைந்துவிட்டார். பின்னர் விமர்சகர் க.நா.சு. வந்தார். நல்ல நாவல்கள் என்று அவர் எழுதிய இடங்களில் எல்லாம் 'நாகம்மாள்' பெயரையும் சொல்லிச் சொல்லி வாசகர் மனத்தில் இருத்தினார். க.நா.சு.வின் பட்டியல்களை இன்றும் குறை சொல்கிறார்கள். காரணம் விளக்காமல் தீர்ப்பு மட்டும் சொன்னார் என்பது உண்மைதான். அந்தக் குறையைத் தீர்க்கவே சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிக் கதையை வரிவரியாகப் பிரித்துப் பேசும் விமர்சனத்தை வளர்த்தார். ஆனாலும் விலை போகாத நூல்களை, யாரும் கேட்காமல், தன் செலவில் தூக்கிச் சுமந்த க.நா.சு.வின் உழைப்பு பெரிது.

புதுமைப்பித்தனின் நிலை வேறு. தன் கதைகளைச் சுற்றி இரு கட்சிகள் சண்டையிடுவதை 'காஞ்சனை' முன்னுரையில் அவரே எழுதினார். சண்டை அதிகம் கிடைத்தது, பொறுமையான வாசிப்பு குறைவாகவே கிடைத்தது. அவரோ சக எழுத்தாளர் மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று ஒரே தொடரில் நிலைநிறுத்தினார். தனக்குப் போதுமான அளவு கிடைக்காததை இன்னொருவருக்குத் தாராளமாகக் கொடுத்தார். 1948இல் அவர் இறந்தபோது வயது நாற்பத்திரண்டு. அவரைப் பற்றிய தமிழின் சிறந்த விமர்சனங்கள் எல்லாம் அதன் பிறகு எழுதப்பட்டவை. அமெரிக்காவில் ஹெர்மன் மெல்வில் இந்த வகையில் சற்றே பாக்கியசாலி. 1851இல் 'மோபி டிக்' வந்தபோது பத்திரிகைகள் குழம்பின. நதேனியல் ஹாதார்ன் எழுதிய ஒரு கடிதம் மட்டும் மெல்விலை ஆனந்தத்தில் ஆழ்த்தியது. தன் புத்தகம் புரிந்துகொள்ளப்பட்டது என்ற உணர்வே பெரும் பாதுகாப்பாக இருந்தது என்று பதில் எழுதினார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, மறக்கப்பட்டவராக 1891இல் இறந்தார். ஹாதார்னின் அந்தக் கடிதம் தொலைந்துபோயிற்று. மெல்வில் எழுதிய பதில்தான் நம்மிடம் இருக்கிறது. பாராட்டு என்ன சொன்னது என்று தெரியாமல், அது உண்டாக்கிய மகிழ்ச்சியை மட்டும் நாம் படிக்கிறோம்.

நம் காலத்தில், தமிழ்ப் புனைவு ஒன்றுக்கு வந்த மிக விசித்திரமான, மிக முக்கியமான மதிப்புரை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. எதிர்ப்பு மூண்டபின், 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்பளித்தார்கள். சட்டப் பிரிவுகளோடு அவர்கள் நிற்கவில்லை. நாவலைப் படித்தார்கள். காளிக்கும் பொன்னாவுக்கும் இடையிலான அன்பையும், குழந்தை இல்லாத வீட்டின்மேல் ஊர் ஏற்றும் பாரத்தையும் பேசினார்கள். அந்த ஆசிரியர் தான் மிகச் சிறப்பாகச் செய்யும் வேலைக்கு, அதாவது எழுத்துக்கு, உயிர்த்தெழட்டும் என்ற பொருள்பட முடித்தார்கள். சில வாரங்களிலேயே 'கோழையின் பாடல்கள்' வந்தது. அதே ஆண்டின் இறுதியில் 'பூனாச்சி'யும் வந்தது. இதை மகிழ்ச்சி என்று சொல்லலாமா என்று தயக்கம் வரலாம். அவ்வளவு காயத்துக்குப் பின் வந்தது அது. ஆனால் அந்நியர் ஒருவர் உன்னைப் படித்தேன், எழுது என்று சொன்னால் ஓர் எழுத்தாளருக்குள் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஓசூர்ப் பகுதியின் இன்றைய நிலைக்கு வருகிறேன். சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று எழுபதுகளின் பிற்பகுதி தொட்டு எழுந்த ஆலைகள், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. ஷிப்டு முடிந்து வந்து எழுதுகிறவர்களும் அவர்களில் உண்டு. திப்பு சுல்தான் காலத்தைத் தொட்டு விரியும் 'தாண்டவராயன் கதை' என்ற பெரும் நாவலை 2008இல் வெளியிட்ட பா. வெங்கடேசன் ஓசூரில் வசிப்பவர். மீசையும் சாதியும் எளிய மனிதர்மேல் ஏறி நிற்பதை எழுதிய ஆதவன் தீட்சண்யா 'புதுவிசை' இதழை இங்கிருந்தே நடத்தினார். இந்த ஊரின் எழுத்தாளருக்கு ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. பக்கத்து வீட்டார் தெலுங்கில் பேசுவார், எதிர் வீட்டார் கன்னடத்தில், கடைக்காரர் உருதுவில். தன் கதையைப் படித்த ஒருவரைத் தெருவில் எதிர்கொள்ளும் வாய்ப்பு தஞ்சாவூரிலோ நாகர்கோவிலிலோ இருப்பதைவிடக் குறைவு. 'தாண்டவராயன் கதை' போன்ற நாவலுக்குப் பொறுமையான வாசகர் அமைவது எந்த ஊரிலும் மெதுவாகவே நடக்கும். இங்கே இன்னும் மெதுவாக. பாராட்டு வெளியூரிலிருந்து தபாலிலோ தொலைபேசியிலோதான் வந்தாக வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில், அப்படி ஒரு வாசகர் இருக்கிறார். பாவண்ணன் தொலைபேசித் துறையில் பணியாற்றிக் கர்நாடகம் முழுக்க அலைந்தவர், சிறுகதையாசிரியர், பைரப்பாவின் 'பருவம்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்து சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றவர். தனக்குப் பிடித்த கதைகளைப் பற்றி அவர் நூறு கட்டுரைகள் எழுதினார். ஒரு கட்டுரைக்கு ஒரு கதை. பெரும்பாலும் வாழ்க்கையில் தான் பார்த்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லுவார். பிறகு அந்தக் கதைக்குள் நுழைந்து, அதில் எந்த இடம் தன்னை நிறுத்தியது என்று காட்டுவார். தீர்ப்பு இருக்காது, தரவரிசை இருக்காது. புகழ்பெற்றவர்களின் கதைகளோடு, பெயரே மறந்துபோன ஆசிரியர்களின் கதைகளும் அங்கே அதே கவனத்தோடு வாசிக்கப்பட்டன. கதை எழுதுகிற ஒருவர், தன் கதைக்கான நேரத்தை எடுத்து, பிறர் எழுதிய கதைகளுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் கட்டுரைகளில் தங்கள் கதையைக் கண்டவர்களில் உயிரோடு இருந்தவர்களும் உண்டு.